ராசியான பல்லி

சிவகாசியில் செங்கமலத்தை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. அச்சகத் தெரு ஒன்றில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தாள். வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருக்கும். யாராவது கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டாள், ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் செய்து காட்டுவாள். அதனால் வந்த பெயர் அது.

அவளிடம் பாடம் கேட்க வந்த தவசிமுத்துவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. காலண்டர் டிசைனர். முருகனையும் லட்சுமியையும் வரைந்து வரைந்தே தலை நரைத்த மனுஷர். போன வருஷம் அவருடைய கம்ப்யூட்டரில் டிஸ்க் செத்துப்போய், பார்த்துப் பார்த்து வரைந்த பிள்ளையார் படங்கள் அத்தனையும் போய்விட்டன. சாவு விழுந்த வீட்டு ஆள் மாதிரி சோறு இறங்காமல் கிடந்தார். அப்புறம், இனி ஒருத்தரையும் நம்பப் போவதில்லை, நானே கற்றுக்கொள்கிறேன் என்று வீம்பாகக் கிளம்பி, செங்கமலத்தின் கடையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் கேட்டார்.

"டீச்சர், ரெண்டு டிஸ்க் போட்டு, ஒண்ணுல எழுதறதை அப்படியே இன்னொண்ணுலயும் எழுத வைக்கலாமாமே? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு கைகுடுக்குமாம்."

"வைக்கலாம்."

"அதுக்கு ரெண்டு வழி சொல்றாங்க. தனியா ஒரு கார்டு வாங்கிச் சொருகினா அது பாத்துக்குமாம். கார்டே வேண்டாம், சாஃப்ட்வேர்லயே செஞ்சிரலாம்னும் சொல்றாங்க. எது நல்லது?"

"உங்களுக்கு எது புடிச்சிருக்கு அண்ணாச்சி?"

"கார்டுதான். கையால தொட்டுப் பாக்கலாம்ல. சாஃப்ட்வேர்னா கண்ணுக்கே தெரியாத சமாச்சாரம். அதை எப்படி நம்புறது?"

"நாள் பூரா சாமி படம் வரையற ஆளு பேசற பேச்சா இது?"

தவசிமுத்து சிரித்துவிட்டார். "அப்ப கார்டு வேண்டாங்கிறீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? போடுங்க."

போட்டார். அவரே கழற்றி, அவரே மாட்டினார். கார்டுக்குப் பக்கத்தில் இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தபோது மனைவி பூரணத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். கார்டோடு ஒரு சிடி வந்திருந்தது. டிஸ்க்குக்கு ஏதாவது ஆனால் திரையில் வந்து சொல்கிற புரோகிராம் அதில் இருந்தது. அதைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை. அதுதான் கார்டு பார்த்துக்கொள்கிறதே, அப்புறம் எதற்கு? பூரணம் தன் பங்குக்கு, தூசி விழாமல் கேபினெட்டுக்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்து மாட்டினாள். அழகாகத்தான் இருந்தது. விளக்குதான் தெரியவில்லை.

ஆனி மாதம் போய் ஆடி பிறந்தது. ஆடிப்பெருக்கன்று வரும் வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். அதற்குள் படம் போய்ச் சேராவிட்டால் டிசைனருக்கு அந்த வருஷமே கிடையாது. தவசிமுத்துவின் படங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கடைசியாக ஒரு லட்சுமி பாக்கி. ஒரு பொட்டலம் சாத்தூர் சேவோடு கடைக்கு வந்தார். முகத்தில் அப்படியொரு தெளிச்சி.

"என்ன அண்ணாச்சி, ஒரே குஷியா இருக்கீங்க?"

"நேரம் நல்லா இருக்கு டீச்சர். வீட்டுல ஒரு பல்லி வந்து சேந்திருக்கு. கம்ப்யூட்டருக்குப் பின்னாலதான் குடியிருக்கு. நான் படத்தைத் திறந்து உக்காந்தாப் போதும், சொல்ல ஆரம்பிச்சிரும். பூரணமும் நானும் மேஜையில தட்டிக்கிடுவோம். தென்மேற்கு மூலை, லாபம்னு போட்டிருக்கு. அந்தப் பல்லி பலனைக் காலண்டர் அட்டைக்குப் பின்னால வருஷா வருஷம் போடறதே நான்தான, எனக்குத் தெரியாதா?"

செங்கமலம் சேவை மென்றுகொண்டே கேட்டாள். "எப்ப எப்ப சொல்லுது?"

"நாள் பூரா. ஓயவே ஓயாது. ராசியான பல்லி."

"ராத்திரியில?"

"ராத்திரி சத்தம் இல்ல. நான் மிஷினை அணைச்சா அதுவும் தூங்கிரும்."

செங்கமலம் மெல்லுவதை நிறுத்தினாள். வண்டிச் சாவியை எடுத்தாள்.

"டீச்சர், சேவு பாக்கி இருக்கே?"

"வாங்க அண்ணாச்சி, பல்லியைப் பாத்துட்டு வருவோம்."

வீட்டில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நுழையும்போதே துணி உறைக்குள்ளிருந்து கீக், கீக் என்று கேட்டது. பூரணம் பழக்க தோஷத்தில் மேஜையைத் தட்டினாள். செங்கமலம் குனிந்து உறையை உருவினாள். ஒரு விளக்கு பச்சை. இன்னொன்று சிவப்பு.

"பல்லி எங்க?" என்றார் தவசிமுத்து.

"கார்டுதான் கத்துது. ஒரு டிஸ்க் போயிருச்சு அண்ணாச்சி. எப்பப் போச்சோ, பாவம், அன்னையிலேருந்து இது உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாளாக, ஒரு வருஷத்து உழைப்பு முழுவதும் ஒற்றை டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் செத்துப்போன டிஸ்க்கோடு ஒரே நாளில் வாங்கியது.

"உடனே அதைக் கழட்டுங்க டீச்சர்! உங்க கடை மிஷின்ல போட்டுக் காப்பி எடுத்துருவோம்."

"அங்க போட்டா, இது வெத்து டிஸ்க்குன்னு சொல்லிரும். இந்தக் கார்டு அதுக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதி வச்சிருக்கு. படிக்கவும் இதுதான் வேணும்."

"கார்டும் போச்சுன்னா?"

"இதே மாதிரிக் கார்டைத் தேடி ஊர் ஊரா அலையணும்."

"அட முருகா!"

மிஷினை அணைக்காமலே, வெளியே ஒரு டிஸ்க்கைச் செருகிக் காப்பி ஓட விட்டாள் செங்கமலம். ஒவ்வொரு படமும் பெரிய படம். மதியம் பூராவும் ஓடியது. தவசிமுத்து நாற்காலியில் உட்காரவே இல்லை. கரண்டு போய்விடுமோ, டிஸ்க் இதோடு நின்றுவிடுமோ என்று திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒவ்வொரு படத்தின் பெயரும் நகரும்போது, அந்தந்தச் சாமியைக் கூப்பிட்டுக் கும்பிட்டார். தான் வரைந்த சாமியையே ஒருவர் அப்படிக் கும்பிட்டு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பயமா இருக்கு டீச்சர். இது போச்சுன்னா மறுபடி வரைய எனக்குக் கை வராது."

"தெரியுது அண்ணாச்சி. கொஞ்ச நேரம்தான்."

கடைசிப் படமும் வந்து சேர்ந்தது. தவசிமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பூரணம் அந்தக் காப்பி டிஸ்க்கை மஞ்சள் துணியில் சுற்றி, நகை வைக்கிற பீரோவில் வைத்துப் பூட்டினாள். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது மூன்று பேருக்கும்.

மறுநாள் தவசிமுத்துவே சொன்னார். "அந்தக் கார்டைத் தூக்கிக் கடாசுங்க. சாஃப்ட்வேரே போடுங்க."

செங்கமலம் புது டிஸ்க்குகள் இரண்டைப் போட்டு, சாஃப்ட்வேரிலேயே ஜோடி சேர்த்தாள். படங்களை எல்லாம் ஏற்றினாள். டிஸ்க்குக்கு ஏதாவது ஆனால் திரையில் தமிழிலேயே எழுதிக் காட்டும்படி செய்தாள். பிறகு மிஷினை அணைத்து, அதில் ஒரு டிஸ்க்கைக் கழற்றி, பக்கத்து அறையில் பூரணம் ஜாக்கெட் டிசைன் பார்க்கிற பழைய கம்ப்யூட்டரில் மாட்டினாள். படங்கள் எல்லாம் அப்படியே திறந்தன. முருகன் சிரித்துக்கொண்டு நின்றார்.

தவசிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா பூரணம்! எந்த மிஷின்ல போட்டாலும் நம்ம பிள்ளைக நம்மகிட்ட வந்துருது. இதுதான் நல்லது. டீச்சர், இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

செங்கமலம் டிஸ்க்கைப் பழையபடி மாட்டி, இரண்டும் மறுபடி ஒன்று சேரும்வரை காபி குடித்தாள்.

"இனி எனக்குக் கவலையே இல்ல" என்று கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார் தவசிமுத்து. பாக்கி நின்ற லட்சுமியைத் திறந்தார். மூக்குத்திக்கு வெளிச்சம் வைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வரைகிற பேனாவை எடுத்ததுமே ஆளே மாறிவிட்டார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட மறந்துவிட்டது. செங்கமலம் மேஜைக்கு அடியில் குனிந்து வயர்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாள்.

திரையின் நடுவில், லட்சுமியின் முகத்துக்கு மேலேயே, ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. தவசிமுத்து அதை மூடிவிட்டு வரைந்தார்.

திரும்ப வந்தது. 'சை' என்று மூடினார். மூக்குத்தி மின்னத் தொடங்கியது.

"ஏங்க, என்னமோ எழுதி வருதே?" என்றாள் பூரணம்.

"எப்பவும் வர்றதுதான். அப்டேட்டோ கிப்டேட்டோ கேக்கும். அதைப் படிச்சுக்கிட்டு இருந்தா சோலி நடக்குமா?"

செங்கமலம் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தாள். கையில் ஒரு வயர் இருந்தது. டிஸ்க்கிலிருந்து உருவிய வயர். அதை அவர் வரைந்துகொண்டிருந்த பலகை மேல் வைத்தாள்.

தவசிமுத்து வயரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கட்டம் மூன்றாவது தடவையாக வந்து நின்றது. இந்தத் தடவை படித்தார். *ஒரு டிஸ்க் இணைப்பில் இல்லை. உடனே கவனிக்கவும்.*

பேனாவைக் கீழே வைத்தார். காது மடல் சிவந்துவிட்டது. பூரணத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவருக்கும்தான்.

"கார்டும் சரிப்படல, சாஃப்ட்வேரும் சரிப்படல. அப்ப நான் எதைத்தான் போடறது டீச்சர்?"

செங்கமலம் வயரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எதைப் போட்டாலும் கூப்பிடும் அண்ணாச்சி. என்னன்னு கேக்கறதுக்குத்தான் இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் கார்டு விக்கல."