நாளைக்கு ஒரு கிர்ணிப்பழம்

பிரான்சின் தெற்கே ஆற்றோரமாக ஒரு சிறு நகரம். நகரின் நடுவே இரும்புக் கூரை போட்ட சந்தை. சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியில் நப்பின்னை இருந்தார். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. மாலையில் தேடி வருபவர்களோடு உட்கார்ந்து பேசுவார். பல நாள் பேசாமலும் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நாற்பது வயது.

அவருடைய சீடர் அம்பலவாணன் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். காரைக்காலில் பொதுப்பணித்துறைப் பொறியாளராக இருந்தவர். மூன்று வருடமாகக் கீழ்த்தள அறையில் தங்கி, குருவுக்குச் சமைத்துப்போட்டு, சந்தைக்குப் போய்வரும் வேலையையும் பார்த்துவந்தார்.

அந்த ஞாயிறு ஏகாதசி. வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஆனால் மறுநாள் துவாதசிக்குக் கீரை வேண்டும். திங்கட்கிழமை சந்தை கிடையாது. அம்பலவாணன் கூடையை எடுத்தபோது நப்பின்னையும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“நீங்க எதுக்கும்மா இந்த வெயில்ல? நான் போய்ட்டு வந்துடறேன்.”

“ஜன்னல்ல கிர்ணிப்பழம் வரிசையா உக்காந்திருக்கு,” என்றார் குரு. “ஒண்ணு கல்லு. ஒண்ணு அரைக்கல்லு. இன்னொண்ணு அடியில தண்ணி விட்டுடுச்சு. எங்கதான் வாங்கறீங்கன்னு பாக்கணும்.”

சந்துக்குள் நடக்கும்போது அம்பலவாணனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை.

“எடுக்கலையா?”

“யாருன்னு தெரியும்.”

சந்தை வாசல் வந்ததும் அம்பலவாணன் தானாகவே நின்றார்.

“திலகவதிம்மா. என் பொண்ணு. எதிர்ல ஸ்டேஷன்ல இருக்கா.”

திலகவதி தலைப்பிரசவத்துக்குக் காரைக்காலுக்கு வந்திருந்த மாதத்தில்தான் அம்பலவாணனின் மனைவி இறந்துபோனார். காரியம் முடிந்த மறுவாரம் அம்பலவாணன் மகளை மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டார். வீட்டைப் பூட்டினார். விமானம் ஏறி இங்கே வந்துவிட்டார். அதன் பிறகு அவள் பேசியதில்லை. இப்போது அவள் கணவனுக்கு ஸ்பெயினில் வேலை. குழந்தையோடு அங்கே போகிறாள். இந்த ஊரில்தான் வண்டி மாற வேண்டும்.

காலையில் அனுப்பியிருந்த செய்தியை அம்பலவாணன் குருவிடம் நீட்டினார்.

‘அடுத்த வண்டி வரும்வரை ஸ்டேஷனில் இருப்பேன். பையனும் இருக்கிறான். வந்தால் பாருங்கள். வராவிட்டால் இனி நான் கூப்பிட மாட்டேன்.’

“போகலாமாம்மா?”

குரு செய்தியைப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“கீரைக்காரர் கிளம்பிடப்போறார்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை மதியத்தோடு முடிந்துவிடும். மீன்கடைப் பனிக்கட்டி உருகி வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. பாலாடைக்கட்டிக் கடையில் துணி போட்டு மூடத் தொடங்கியிருந்தார்கள். கூரைக்குள் புறாக்கள். எதிர்ப்புறத்து ஸ்டேஷனில் ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் அடிக்கிற மணி இங்கே வரை கேட்டது. அது கேட்கும்போதெல்லாம் அம்பலவாணனின் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

வெண்டைக்காய் வைத்திருந்த கடையை அவர் பார்க்காமல் கடந்தார். இந்தச் சந்தையில் வாங்குபவர் எதையும் தொடக்கூடாது. கேட்டால் கடைக்காரரே எடுத்துத் தருவார். வந்த புதிதில் அது தெரியாமல், ஊரில் செய்வதுபோல ஒவ்வொரு வெண்டைக்காயாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கடைசிக் காய் வரை ஒடிக்கவிட்டார். பிறகு தட்டோடு பையில் கொட்டி விலை சொன்னார். அந்த வாரம் முழுக்க வீட்டில் வெண்டைக்காய்தான். “ஒண்ணுகூட முத்தல் இல்ல,” என்று நப்பின்னை சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து சந்தைக்குள் நுழைந்தாலே அம்பலவாணனின் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

கீரைக்கடையில் கூட்டம் இல்லை. நப்பின்னை கீரையைக் காட்டி இரண்டு கட்டு கேட்டார்.

“அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல.”

“என்ன கேட்டீங்க?”

“போகலாமான்னு.”

“இங்க வரும்போது யாரக் கேட்டீங்க?”

அம்பலவாணனின் முகம் சுண்டிப்போயிற்று. கீரைக்காரர் ஏதோ தவறு நடந்துவிட்டதென்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“‘போ’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போயிடறேன்.”

குரு கீரைக் கட்டுகளைக் கையில் வாங்கினார்.

“போகாதேன்னாவது சொல்லுங்க.”

“ஈரம் சொட்டுது. கூடைய இப்படிக் கொடுங்க.”

அம்பலவாணன் கூடையை நீட்டினார். அவர் குரல் தாழ்ந்தது.

“ஏன் போனீங்கன்னு கேப்பாம்மா. பாத்த உடனே கேப்பா. எனக்கு அவளத் தெரியும். மூணு வருஷமா அதுக்குப் பதில் தேடித்தான் உங்க முன்னால உக்காந்திருக்கேன். கிடைக்கல.”

“அவ கேட்டாளா?”

“இன்னும் இல்ல. பாத்தாத்தானே கேப்பா.”

“சரி,” என்றார் குரு. கீரைத் தண்டுகளில் இருந்த தண்ணீரை உதறிக் கூடையில் வைத்தார்.

“மனசு கொஞ்சம் அடங்கினப்புறம் போனா நல்லது. இப்பப் போனா அழுதுடுவேன். இல்லன்னா அவ ஏதாவது சொல்லுவா, எனக்குக் கோவம் வந்துடும். இன்னும் ஒரு வருஷம் இங்க இருந்தேன்னா...”

“ஒரு வருஷம் போதுமா?”

அம்பலவாணன் யோசித்தார். பொறியாளராக இருந்த நாளில், ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேலும் உயர்த்தித்தான் கரை போடுவார் அவர்.

“ரெண்டு வெச்சுக்கலாம்,” என்றார்.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்துப் பார்த்தார். எழுத்து இல்லை, ஒரு படம் மட்டும். சிவப்பு சூட்கேஸின் மேல் ஒரு பையன் உட்கார்ந்து கேமராவை முறைத்துக்கொண்டிருந்தான். அம்பலவாணன் வெகுநேரம் பார்த்தார். பிறகு சுட்டுவிட்டதுபோல் போனைப் பைக்குள் போட்டார்.

“காது அப்படியே என் வீட்டுக்காரி காது,” என்றார்.

நப்பின்னை நடக்கத் தொடங்கியிருந்தார்.

பின்வாசலின் ஷட்டர் சங்கிலிச் சத்தத்தோடு இறங்கியது. உள்ளே சற்று இருட்டிற்று.

பழக்கடை ஸ்டேஷன் பக்கத்து வாசலை ஒட்டி இருந்தது. கடைக்காரி ஒதிலுக்குப் பருத்த கைகள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். அம்பலவாணனைப் பார்த்ததும் காலிப் பெட்டிகளை அடுக்குவதை நிறுத்தினாள்.

“வந்துவிட்டாரா, முசியே நாளைக்கு?”

நாம் ஐயா என்பதை அந்த ஊரில் முசியே என்பார்கள். கூடவே நாளைக்கு ஒட்டிக்கொண்டது அம்பலவாணனாலேயே. கிர்ணிப்பழம் கேட்கும் ஒவ்வொருவரிடமும் ஒதில் ஒரே கேள்வியைக் கேட்பாள். இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா? பதிலுக்குத் தகுந்தபடி பழத்தின் அடியை முகர்ந்து, காம்பைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்து எடுத்துத் தருவாள். அம்பலவாணன் கோடை முழுவதும் நாளைக்கு என்றே சொல்லியிருந்தார். இன்றைக்கு என்றால் அழுகிப்போனதைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்ற பயம். நாளைக்கு என்றால் ஒரு நாள் கையில் இருக்கும்.

“இவர் வாங்கி வந்த பழம் ஒன்றுகூட வீட்டில் இனிக்கவில்லை,” என்று நப்பின்னை அவளுடைய மொழியில் சொன்னார்.

ஒதில் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நாளைக்கு என்று கேட்டார். நாளைக்கு உள்ளதைக் கொடுத்தேன். மறுநாள் வெட்டினாரா?”

குரு சீடரைப் பார்த்தார்.

“அழுத்திப் பாத்தேம்மா. இன்னும் ஒரு நாள் போகட்டுமேன்னு...”

“அப்புறம்?”

“அதுக்கு அடுத்த நாளும் பாத்தேன்.”

நப்பின்னை அதை அப்படியே ஒதிலிடம் சொன்னார். ஒதில் அம்பலவாணனைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“ஜன்னலில் வைத்தால் பழம் இளகும், முசியே. இனிப்பு ஏறாது. கொடியில் இருக்கும்போது ஏறியதுதான் இனிப்பு.”

ஸ்டேஷன் மணி அடித்தது. பெண்குரல் ஒன்று ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. அம்பலவாணன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“அவ வண்டியா?” என்று கேட்டார் குரு.

“இல்ல. அதுக்கு முந்தின வண்டி.”

வாசலில் ஒருவன் ஷட்டர் சங்கிலியைப் பிடித்தபடி நின்றான். மூடப்போகிறேன் என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

“சீக்கிரம் சொல்லுங்கள்,” என்றாள் ஒதில். “நாளைக்குத்தானே?”

“நாளைக்கு,” என்றார் அம்பலவாணன்.

“இன்றைக்கு,” என்றார் நப்பின்னை.

ஒதில் இருவரையும் பார்த்தாள். பெட்டியில் கிடந்த பழங்களின் மேல் கையை ஓட்டினாள். தலையசைத்தாள். பிறகு குனிந்து பலகைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பழத்தை எடுத்தாள்.

“இன்றைக்கு என்றால் இது ஒன்றுதான். எனக்கென்று எடுத்து வைத்தது. சாயங்காலம் வரை தாங்காது.”

காம்பைச் சுற்றி வெடிப்பு ஓடியிருந்தது. தாளைப் பிரித்ததும் மீன் வாடையையும் மீறி அதன் வாசனை எழுந்தது. வாசலில் நின்றவன்கூடத் திரும்பிப் பார்த்தான். நப்பின்னை காசைக் கொடுத்து, பழத்தை வாங்கி அம்பலவாணனின் கைகளில் வைத்தார். அது வெயிலில் கிடந்த கல் போல இளஞ்சூடாக இருந்தது. அழுத்திப் பிடிக்க அவருக்குப் பயமாக இருந்தது.

“அம்மா, இன்னிக்கு ஏகாதசி.”

“ஆமா.”

“நீங்க தண்ணியத் தவிர எதையும் தொட மாட்டீங்க. நானும்தான்.”

“விரதம் நமக்குத்தானே.”

பையில் போன் அதிர்ந்தது. இரண்டு கையிலும் பழம் இருந்ததால் அம்பலவாணனால் எடுக்க முடியவில்லை. அதிர்ந்து, நின்று, மறுபடி அதிர்ந்தது.

“வெட்ட ஒரு கத்தி கூட இல்ல,” என்றார்.

“அவகிட்ட இருக்கும். சின்னப் பிள்ளய வெச்சிருக்கறவ.”

“என்கிட்ட அவ பேசலன்னா?”

“பையன் சாப்பிடுவான்.”

அம்பலவாணன் குருவின் கையில் இருந்த கூடையைப் பார்த்தார். கீரை நுனிகள் அதற்குள்ளேயே தொய்ந்திருந்தன.

“போனா நான் திரும்பி வருவேனான்னு தெரியலம்மா.”

“கீரைய நான் சமைச்சுக்கறேன்.”

“உங்களுக்கு உப்பு போடத் தெரியாது.”

“தெரியாது,” என்றார் நப்பின்னை.

ஸ்டேஷன் மணி மறுபடி அடித்தது. பெண்குரல் இந்த முறை ஸ்பெயினின் ஊர்களைச் சொன்னது. அம்பலவாணன் வாசலை நோக்கி வேகமாக நடந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே வெளிச்சமும், தெருவும், எதிரே ஸ்டேஷன் படிகளும் தெரிந்தன. சங்கிலியைப் பிடித்திருந்தவன் அவருக்காகக் கையை நிறுத்தினான். அம்பலவாணன் அங்கே வந்து நின்றுவிட்டார். போவதா, மூடுவதா என்று அவன் புருவத்தை உயர்த்திக் கேட்டான்.

அம்பலவாணன் திரும்பினார்.

“அம்மா, நான் இன்னும் தயாராகலயே.”

நப்பின்னை கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“பழம் தயாராயிடுச்சு,” என்றார்.

அம்பலவாணன் பழத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்தார்.