பதினேழு விதிகளும் ஓர் ஓலைப்பெட்டியும்

குன்றடி மடத்துச் சாமியம்மாவுக்கு மாசிலாமணியைவிடப் பத்து வயது குறைவு. இருந்தாலும் அவர் குரு, இவர் சீடர். மனசு கனத்தால் இவர் கால் தானாக அங்கேதான் போகும்.

“தாயே, எட்டாவது படிக்கிற என் மகள் கயல், முகம் பார்த்துப் பேசி மாதக்கணக்காச்சு. எது கேட்டாலும் போனைப் பார்த்துக்கிட்டே ஒரு ‘ம்’. வீட்டுக்குப் பதினேழு விதி போட்டேன். ஒண்ணையும் மதிக்கலை.”

“விதியை எங்கே எழுதினீங்க?”

“எங்க வீட்டு வாட்ஸப் குரூப்பில்.”

“அதை அவள் எப்படிப் படிப்பாள்?”

“போனை எடுத்து…” மாசிலாமணி பாதியில் நிறுத்திக்கொண்டார். மடத்துச் சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த யாரோ சிரிப்பது கேட்டது.

சாமியம்மா சிரிக்கவில்லை. “செருப்பை எங்கே விட்டீங்க?”

“வாசலில்.”

“விடச் சொல்லிப் பலகை இருந்ததா?”

“இல்லையே. உங்க செருப்பு கிடந்தது. பக்கத்தில் விட்டேன்.”

சாமியம்மா எழுந்துபோய் ஒரு காலி ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

அன்று சாப்பாட்டுக்கு உட்காருமுன் மாசிலாமணி தன் போனைப் பெட்டியில் போட்டு வாசல்படி ஓரம் வைத்தார். இரண்டாம் வாய்ச் சோற்றில் அது அலறியது. எழப்போனவர் மறுபடி உட்கார்ந்தார்.

“அப்பா, உங்க போன் கத்துது,” என்றாள் கயல், தலை நிமிராமல்.

“கத்தட்டும்.”

அவள் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான்.

நாலு நாள் அவர் போன் தனியாகக் கிடந்தது. ஐந்தாம் நாள் மனைவி மங்கையின் போன் துணைக்கு வந்தது.

“ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?” என்றாள் கயல். மங்கை அவளுக்கு ரசம் ஊற்றினாள்.

ஒன்பதாம் நாள், இலை போட்ட நேரம், பெட்டிக்குள் டொக்கென்று ஒரு சத்தம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மாசிலாமணி மடத்துக்கு ஓடினார்.

“பேசினாள் தாயே. கணக்கு டீச்சர் மாதிரி நடந்தே காட்டினாள். சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்குப் புரையேறிப்போச்சு. கை காயக் காய உட்கார்ந்திருந்தோம். பதினேழு விதியையும் அழிச்சிட்டேன்.” மூச்சு வாங்கினார். “ஒரே ஒரு குறைதான். அவள் சிரிச்சதைப் படம் எடுத்து உங்களுக்குக் காட்டணும்னு ஆசை. மூணு போனும் பெட்டிக்குள்ள.”

சாமியம்மா சிரிப்பு மாறாத அவர் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்,” என்றார்.