வெள்ளெலி ஏன் ஒரே ஒரு சொட்டு விடுகிறது

அந்தக் காலத்தில் எல்லா உயிருக்கும் வாய் இருந்தது, பேச்சு இருந்தது. தண்ணீரை உடம்பில் நிறுத்தி வைக்கிற வழி மட்டும் யாருக்கும் இல்லை. ஒன்றுக்குப் போகிற குழாய் மேலிருந்து கீழே நேராக இருக்கும். குடித்தது குடித்தபடி வெளியே வந்துவிடும். அதனால் எல்லோரும் செம்மணல் மேடு மேடாகக் கிடந்த தேரிக்கு நடுவே இருந்த ஒரே குளத்தைச் சுற்றியே கிடந்தார்கள். ஒரு வாய் குடி, ஒரு தடவை போ, மறுபடி குடி. இதுதான் பிழைப்பு. நாற்றத்தைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை.

குளத்துக்கு நாட்டாமை ஒரு தவளை. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததால் அந்தப் பதவி. வேறு தகுதி எதுவும் கிடையாது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. குளம் குட்டையானது. "இனிமே ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு மடக்கு," என்றது தவளை, கழுத்து வரை தண்ணீரில் இருந்தபடி.

இதில் மாட்டிக்கொண்டவள் வெள்ளெலி. தேரிமணலில் வளை தோண்டி நாலு குட்டி போட்டிருந்தாள். வளை ரொம்ப தூரம். மூன்று மடக்கு குடித்துவிட்டு ஓடினால் பாதி வழியிலேயே எல்லாம் போய்விடும். காலை இடுக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தாள். குதித்துக் குதித்தும் ஓடிப் பார்த்தாள். வளைக்குள் போய்ப் படுத்தால் மடியில் பால் இல்லை. மூன்றாம் நாள் கடைக்குட்டி கத்துவதை நிறுத்திவிட்டது.

"அண்ணாச்சி, குட்டிக்குப் பால் இல்ல. இன்னும் மூணு மடக்கு குடுங்க," என்று தவளையிடம் போய் நின்றாள்.

"குடுத்தா மட்டும் என்னட்டி, மணலுக்குத்தானே ஊத்தப் போற?"

தவளை சொன்னது உண்மைதான். அதுதான் எரிச்சல்.

குளக்கரையில் மூக்கம்மா என்று ஒரு மனுஷி ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாள். மாங்காயை வெட்டி, கல்லுப்பைக் கொட்டி, சட்டியைக் குலுக்கி வைத்தாள். மதியம் வெள்ளெலி எட்டிப் பார்த்தால் சட்டிக்குள் தண்ணீர்.

"மைனி, இதுல யாரு தண்ணி ஊத்துனா?"

"யாரும் ஊத்தல. மாங்காத் தண்ணிதான். உப்பு இழுத்துட்டு வந்துரும்."

வெள்ளெலி கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்தாள். "என் குழாயை உப்புக்குள்ள விட்டா, போற தண்ணிய உப்பு திரும்ப இழுத்துக்குமா?"

மூக்கம்மா சிரித்துச் சிரித்து அங்கேயே ஒன்றுக்குப் போனாள். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயமில்லை. சிரிப்பு அடங்கியதும், "இழுக்கும் போலதான் இருக்கு," என்றாள்.

அப்போதெல்லாம் உடம்பைத் திறந்து மூடலாம், தையல் வேண்டாம். மூக்கம்மா வெள்ளெலியின் சிறுநீரகம் இரண்டையும் மொச்சைக்கொட்டை மாதிரி பிளந்தாள். நடுவில் கல்லுப்பை அடைத்தாள். நேர்க்குழாயை உப்புக்குள் இறக்கி, கொண்டை ஊசி மாதிரி வளைத்து, மேலே ஏற்றி, மறுபடியும் உப்பு வழியாகவே கீழே விட்டாள்.

"எரியுதாட்டி?"

"எரியுது. இன்னும் நீளமா இழுங்க."

"போதும்ட்டி, வளைவோட நுனி சிறுநீரகத்தை விட்டு வெளிய வந்துரும்."

"வரட்டும் மைனி. வளை தூரம்."

மூடுவதற்கு முன் மூக்கம்மா கடைசிக் குழாயின் பக்கவாட்டில், உப்பைப் பார்த்தபடி ஒரு சின்ன மடை வைத்தாள். "தாகமா இருந்தா இதைத் திற, உப்பு தண்ணிய இழுத்து உடம்புக்குக் குடுத்துரும். வயிறு முட்டக் குடிச்சா மூடிரு, தண்ணி வெளிய போயிரும். இல்லேன்னா மழைக்காலத்துல ஊதிச் செத்துருவ."

வெள்ளெலி மூன்று மடக்கு குடித்துவிட்டு ஓடினாள். பாதி வழி தாண்டியது, ஒன்றும் போகவில்லை. வளை வாசலில் ஒரே ஒரு சொட்டு விழுந்தது, புளிக்கரைசல் மாதிரி. மீதியெல்லாம் உள்ளேயே இருந்தது. சாயங்காலம் பால் சுரந்தது. கடைக்குட்டி குடித்தது, பிறகு கத்தியது, பிறகு அண்ணனைக் கடித்தது.

விஷயம் பரவியது. ஆடு வந்து தன் குழாயையும் வளைத்துக்கொண்டது. மூக்கம்மா தனக்கும் செய்து பார்த்தாள். எரிச்சல் தாங்காமல், "எனக்கு இவ்வளவு போதும்," என்று பாதியிலேயே மூடிவிட்டாள்.

தவளை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "உப்பு என் தோலுல பட்டாலே துடிச்சுப் போவேன். எனக்கு ஒரு பை வச்சு விடு. தண்ணிய அப்படியே கட்டி வச்சுக்கிடுதேன்."

மூக்கம்மாவும் பெரிய பையாக ஒன்றை உள்ளே வைத்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளெலி வந்தால் குளமே இல்லை. நாட்டாமையும் இல்லை. ஈரச் சேற்றில் ஒரு மேடு மட்டும் இருந்தது. தோண்டுவதற்கு வெள்ளெலிக்குச் சொல்லித்தர வேண்டுமா? தோண்டித் தவளையைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். தவளை வயிறு பூசணிக்காய் மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, என் மூணு மடக்கு எங்க?"

தவளை பயந்துபோய்ப் பையை அப்படியே விட்டுவிட்டது. குளத்தில் மிச்சமிருந்ததெல்லாம் சர்ரென்று மணலுக்குள் இறங்கியது.

"இப்ப மணலுக்கு ஊத்துனது யாரு அண்ணாச்சி?"

வெள்ளெலி இரண்டு புல்லையும் நாலு விதையையும் கவ்விக்கொண்டு குட்டிகளிடம் போய்விட்டாள். அதிலிருந்த ஈரமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அன்று முதல்தான் தவளையைக் கையில் எடுத்தால் மொத்தத்தையும் நம் கையிலேயே கொட்டிவிடுகிறது, வெள்ளெலி குளத்துப் பக்கமே போகாமல் தேரியில் குடும்பம் நடத்துகிறது, பாதியில் மூடிக்கொண்ட மூக்கம்மாவின் பிள்ளைகளான நாம் வெயில் நாளில் கொஞ்சம் மஞ்சளாகப் போய்விட்டு மறுபடியும் சொம்பைத் தேடுகிறோம்.