காய் விட்ட மைனா

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் நம்மைவிட அதிகமாக வாயடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஆற்றின் இக்கரையில் வரியன் என்றொரு அணில் இருந்தது. அதற்குத் தாயம் என்றால் உயிர். ஆனால் கூட ஆட யாரும் வரமாட்டார்கள். உருட்டுகிற புளியங்கொட்டையையே அது கொறித்துத் தின்றுவிட்டால் எவர்தான் வருவார்கள்?

அக்கரையிலிருந்து மஞ்சமூக்கி என்ற மைனா மட்டும் தினமும் பறந்து வரும். "தின்னா தின்னுட்டுப் போ, நான் வேற கொட்டை கொண்டாறேன்" என்று சொன்ன ஒரே ஜீவன் அதுதான்.

ஒருநாள் மைனா நாலு போட்டுவிட்டு, எந்தக் காயை நகர்த்தலாம் என்று தலையைச் சாய்த்து யோசித்துக்கொண்டே இருந்தது. அணிலுக்குப் பொறுமை ஏது?

"சீக்கிரம் காய் விடு, புள்ள!" என்று கத்தியது.

இக்கரையில் அதற்குக் காயை நகர்த்து என்று அர்த்தம். அக்கரையிலோ, காய் விடுவது என்றால் சிநேகத்தை முறித்துக்கொள்வது. மைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன் வாயாலயே சொல்லிட்டியா? சரி, காய்!" என்று பறந்தே போய்விட்டது.

அணிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று நாளாயிற்று, மைனா வரவில்லை. இனி வரவே வராதோ என்ற பயத்தில் அதற்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மனசு கேட்காமல் கட்டத்தின் முன் உட்கார்ந்து, தனக்கொரு முறை, மைனாவுக்கொரு முறை என்று தானே உருட்டியது. கள்ளாட்டம் ஆடவில்லை. புளியங்கொட்டையைக் கடிக்கவும் இல்லை, அதுதான் அதிசயம்! மைனாவின் காய்தான் முதலில் நடுக்கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிச் சேர்வதை இக்கரையில் பழம் என்பார்கள்.

"மஞ்சமூக்கி, பழம்! உனக்குப் பழம்!" என்று அணில் தொண்டை கிழியக் கத்தியது.

அக்கரையில் பழம் என்றால் சமாதானம். கேட்ட மாத்திரத்தில் மைனா பறந்து வந்து இறங்கியது.

"இதைச் சொல்ல மூணு நாளாடா உனக்கு?"

"இப்பத்தானே உன் காய் பழமாச்சு!"

இரண்டும் திருதிருவென்று விழித்தன. பிறகு பேசிப் பார்த்து, விஷயம் புரிந்து, வயிறு வலிக்கச் சிரித்தன.

"சரி, இனிமே யார் ஊரு அர்த்தம் செல்லும்?" என்றது அணில்.

"ரெண்டும் செல்லும். ஆடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டாப் போச்சு" என்றது மைனா.

அன்று முதல்தான், வேற்றூரில் ஆட உட்காருகிறவர்கள் "உங்க ஊர்ல இதுக்கு என்ன அர்த்தம்?" என்று முதலில் கேட்டுக்கொள்கிறார்கள், கேட்க மறந்து காய் விட்டவர்களும் எப்படியோ பழம் விட்டுவிடுகிறார்கள்.