முழத்துக்கு ஒரு குழாய்

"தியானத்துல உக்காந்தா மனசு அடங்கவே மாட்டேங்குது, அம்மா. எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரைஸ் மில்லால."

சொன்னவர் தணிகாசலம். அறுபத்திரண்டு வயது. தொழிற்சாலைகளில் இரைச்சலைக் குறைத்துக் கொடுத்தே தலை நரைத்த இன்ஜினியர். கேட்டுக்கொண்டிருந்தவர் ஆசிரமத்தை நடத்தும் வடிவம்மா. வயதில் அவருக்கு மகள் மாதிரி.

"இரைச்சல் உங்களுக்குக் கைவந்த தொழிலாச்சே. பாருங்களேன்."

பார்த்தாரே! பத்தே நாளில் வேலியோரம் இருநூறு இரும்புக் குழாய் நட்டுவிட்டார். எட்டு வரிசை. முழத்துக்கு ஒன்று, நூல் பிடித்தாற்போல.

"இது சுவர் இல்ல, அம்மா. காத்து வரும். காக்கா சத்தம் வரும். ஆனா இந்த முழ இடைவெளிக்குன்னு ஒரு சுருதி இருக்கு. அது மட்டும் தாண்டாது, அப்படியே திரும்பிடும். தவிடு ஊதுற மெஷினுக்கு அதே சுருதி!"

நிஜமாகவே மில்லின் ஊளை நின்றுபோனது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் மறுபடி வந்து நின்றார்.

"இப்ப ஒரு குழந்தை அழுதுக்கிட்டே இருக்கு, அம்மா."

மில்லில் வேலை செய்யும் செங்கேணியின் பிள்ளை அது. நெல் காயும் களத்தில் ஏது நிழல்? ஆசிரமத்துப் புங்கமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள்.

"முன்னாடியும் அழுததே" என்றார் வடிவம்மா.

"முன்னாடி அழுதா, அவ உடனே ஓடி வந்துடுவா."

"இப்ப?"

தணிகாசலம் தலையைச் சாய்த்து அழுகையைக் கவனித்தார்.

அதே சுருதி.

"அடப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினார். தொண்டை கட்டிப் போயிருந்தது அதற்கு.

"என்ன செய்யலாம்?" என்றார் வடிவம்மா.

"நடுவுல வரிசைக்கு ஒண்ணா எட்டுக் குழாயைப் பிடுங்கி வழி விட்டா, அழுகை அந்தப் பக்கம் போயிடும். ஆனா மில் சத்தமும் அதே வழியா இங்க வந்துடுமே, அம்மா."

வடிவம்மா உள்ளே போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். பிள்ளையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

எட்டாவது குழாய் சாய்ந்ததும் ஊளை உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் கையெல்லாம் தவிடோடு செங்கேணியும் ஓடி வந்தாள்.

"மூணு நாளாப் புள்ள நல்லாத் தூங்குதுன்னு சந்தோஷப்பட்டேனே, சாமி!"

பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு அழுதாள். தணிகாசலத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலைத் தியானம். எல்லோரும் கண் மூடி உட்கார்ந்திருந்தார்கள். மில் ஊளையிட்டபடி இருந்தது.

திடீரென்று கரண்ட் போயிற்று. மில் நின்றது. ஊசி விழுந்தால் கேட்கும்.

தணிகாசலம் பதறி எழுந்து வேலிப் பக்கம் ஓடினார்.

"எங்க ஓடுறீங்க?" என்றார் வடிவம்மா.

"மில் சத்தம் கேக்கலையே, அம்மா. வழியை யாராவது அடைச்சுட்டாங்களோன்னு பார்க்கத்தான்."