படத்துக்குப் பறந்த நாரை

ஏரிக்கரையோரக் கருவேல மரத்தில் நெடுங்காலன் என்ற மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருந்தது. கூட்டில் இரண்டு பஞ்சுக் குஞ்சுகள். தாய் நாரை மீன் தேடிப் போனால், தகப்பன் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்க வேண்டும். நாரைக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். உச்சி வெயிலில் குடை மாதிரி நிற்பது லேசான வேலையா? சிறகு வலித்ததோ இல்லையோ, நெடுங்காலனுக்குச் சலித்துவிட்டது.

ஒரு நாள், தாய் நாரை மீன் தேடப் போயிருந்த நேரம், அந்த மரத்துக்கு முன்னே, தண்ணீர் ஓரமாக, ஒரு மனிதர் நீளமான கேமராவோடு வந்து உட்கார்ந்தார்.

அவரை முதலில் பார்த்தது ஒரு காக்கை. ஏரியில் எல்லோரும் அதைக் கரிச்சட்டி என்பார்கள். ரொம்ப நாளாகவே அதன் கண் அந்தக் குஞ்சுகள் மேல்தான்.

"அண்ணே! பறக்குற நாரையைப் படம் பிடிக்க ஆள் வந்திருக்கு! உங்களை விட்டா இந்த ஏரியில யார் இருக்கா?"

"அப்படியா! ஆனா குஞ்சுங்க..."

"நான் எதுக்கு இருக்கேன்? போயிட்டு வாங்க! ஒண்ணு மட்டும் சொல்றேன். எதிர்க்காத்துல பறக்காதீங்க. கால் தொங்கும், உடம்பு தள்ளாடும், பாக்கச் சகிக்காது! காத்தோட போங்க, அம்பு மாதிரி இருக்கும். திரும்பும்போது அக்கரை வழியா சுத்தி, அவர் கண்ணுல படாம வாங்க!"

நெடுங்காலனுக்குத் தலைகால் புரியவில்லை. காற்று கரையிலிருந்து ஏரிப் பக்கம் வீசியது. அதில் ஏறி, அந்த மனிதரின் தலைக்கு மேலே சர்ரென்று பாய்ந்தது.

"சே! வாலும் பின்பக்கமும்தான் கிடைச்சுது!" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

நெடுங்காலனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேகம் போதவில்லை என்று நினைத்தது. புத்தி எங்கே போயிற்றோ! அக்கரை வழியாகச் சுற்றி வந்து இன்னும் வேகமாகப் பாய்ந்தது. மறுபடியும் வால்தான்! விடுவேனா என்று இன்னொரு முறை பாய்ந்தது.

நடு ஏரியைத் தொட்டபோது கூட்டிலிருந்து அலறல் கேட்டது.

"அப்பா! கொத்துது! அப்பா!"

திரும்பிப் பார்த்தது. கூட்டின் விளிம்பில் நின்று, சின்னக் குஞ்சின் சிறகைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது கரிச்சட்டி!

நெடுங்காலனுக்கு இனிச் சுற்றிப் போக நேரம் ஏது? எதிர்க்காற்றிலேயே கூட்டைப் பார்த்துத் திரும்பியது. காற்று முகத்தில் அறைந்தது. கால் தொங்கியது. உடம்பு தள்ளாடியது. அதையெல்லாம் இப்போது யார் பார்த்தார்கள்! பிள்ளை பிழைத்தால் போதும் என்று பெரிய சிறகுகளை அடித்து அடித்து வந்தது.

"டேய்! விடுடா என் புள்ளையை!"

கீழே கேமரா விடாமல் படபடத்தது. நெடுங்காலன் காதில் அது விழவே இல்லை. கூட்டில் இறங்கியதும் நீண்ட அலகால் ஓங்கி ஒரு போடு போட்டது. கரிச்சட்டி இரண்டு இறகுகளை உதிர்த்துவிட்டு ஓட்டம் பிடித்தது.

நல்லவேளை, குஞ்சின் சிறகில் சின்னக் கீறல்தான். வெயில் தாங்காமல் இரண்டும் வாய் பிளந்து இரைத்தன. நெடுங்காலன் அவசரமாகச் சிறகை விரித்தது.

"எங்கப்பா போனீங்க?" என்று கேட்டது பெரிய குஞ்சு.

நெடுங்காலன் வெட்கிப் போனது. "போகக் கூடாத நேரத்துல போயிட்டேன் கண்ணு. இனிமே உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன்."

கீழே அந்த மனிதர் கேமராவைப் பார்த்துத் துள்ளினார். "அடேயப்பா! முகம், கண்ணு, விரிஞ்ச சிறகு, எல்லாம் வந்திருக்கு! இப்படி ஒரு நாரையை நான் பார்த்ததே இல்லை!"

தூரத்துக் கிளையிலிருந்து கரிச்சட்டி கத்தியது. "அண்ணே, கேட்டீங்களா? உங்க படம்! ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்!"

"எனக்கு வேலை இருக்கு!" என்று சொல்லிவிட்டு, நெடுங்காலன் சிறகை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்தது.

பிறர் மெச்சுவதற்காகச் செய்யும் காரியத்தைவிட, நம்மை நம்பியிருப்பவர்களுக்காகச் செய்யும் காரியமே நமக்கு அழகு.