இன்பா இல்லாத பாட்டு

லோகுவுக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் ஹவுசிங் போர்டு மைதானத்தில் மேடை. நன்றாக ராப் பாடுகிறவனுக்கு ஆல்பத்தில் இடம் தருவதாக ஒரு கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். லோகுவிடம் பாட்டு தயார். ஆனாலும் யாரிடமாவது கேட்டுவிட வேண்டும்போல் இருந்தது.

மெர்லினைத் தேடிப் போனான். அவனைவிட வயதில் சின்னவள். ராப் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவான்.

“நம்ம படிக்கட்டுல இன்பாவை வெட்டினாங்களே, அதைத்தான் எழுதியிருக்கேன். கேட்டவன்லாம் விசிலடிக்கிறான். எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு. பாடலாமா வாத்தியாரே?”

“யாருக்குப் பாடிக் காமிச்ச?”

“பசங்களுக்கு.”

“வாண்ணா.”

பிளாக் முனையில் கஸ்தூரி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். இன்பாவின் அம்மா. லோகு இரண்டடி பின்னால் நின்றுகொண்டான்.

“ம்மா, உம் புள்ளையப் பத்தி இவரு பாட்டு கட்டியிருக்காரு.”

கஸ்தூரி அடுப்பைத் தணித்தாள். “பாடுப்பா.”

இனித் தப்ப வழியில்லை. தரையைப் பார்த்தபடி பாடினான். இருட்டு வந்தது, கத்தி வந்தது, படியெல்லாம் ரத்தம் ஓடியது. பசங்கள் விசிலடிக்கும் இடத்தில் எண்ணெய் மட்டும் சடசடத்தது.

கஸ்தூரி மீனைத் திருப்பிப் போட்டாள்.

“அவன் செத்தது அப்டியே இருக்கு. எம் புள்ளையத்தான் காணோம்.”

கஸ்தூரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மோட்டார் ரிப்பேர்னா பிளாக்குக்கே அவன்தான் தண்ணி தூக்குவான். படிக்குப் படி கெட்ட வார்த்தை. ‘அடுத்த ஜென்மத்துலயாவது கீழ் வீட்டுல பொறக்கணும்’பான். ஆனா யாருக்கும் மாட்டேன்னு சொன்னதில்ல. உனக்கும்தானே தூக்கினான், சோம்பேறி?”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. குனிந்து அடுப்பில் தீயைக் கூட்டிவிட்டாள்.

இருவரும் திரும்பி நடந்தார்கள்.

“பாட்டே போச்சு வாத்தியாரே. தண்ணி தூக்கினதுக்கு எவன் விசிலடிப்பான்? கம்பெனிக்காரர் எந்திரிச்சுப் போயிடுவாரு. இனிமே நான் என்னத்தப் பாட?”

மெர்லின் அடிபம்புக்குப் போனாள். ஒரு குடம் நிறைய அடித்து அவன் தோளில் ஏற்றினாள்.

“ஏறு. பாடிக்கிட்டே ஏறு.”

முதல் மாடிவரை வார்த்தை வந்தது. அதன் பிறகு குடம் தோளை அழுத்தியது, சட்டை நனைந்தது. இன்பா வெட்டுப்பட்டு விழுந்த திருப்பத்தை அவன் எப்போதும் ஓட்டமாகத்தான் கடப்பான். தலைக்குப் பக்கத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓட முடியவில்லை. அங்கேயே நின்றுவிட்டான்.

பின்னால் வந்த மெர்லினும் நின்றாள்.

“இன்னாண்ணா?”

“மூச்சு வாங்குது வாத்தியாரே. பாட்டு வரல.”

“அவனுக்கும் இங்கதான் வாங்கியிருக்கும்,” என்றாள் மெர்லின். “இங்கேர்ந்து ஆரம்பி.”